பன்னிரண்டு வயதுக்கு மேல் அவள் எங்கே போவாள்?

தமிழ்நாட்டின் நகரத்துப் பூங்காக்களில் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் வழக்கமாக ஒரு பலகை இருக்கும்: 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஊஞ்சலில் ஆடக் கூடாது. சரியான விதிதான். முப்பது வருஷத்துக்கு மேல் பெண்கள் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் நான். பெரிய பிள்ளைகள் ஏறினால் சங்கிலி அறுந்துபோகும், சின்னதுகள் கீழே விழும் என்பது எனக்கும் தெரியும். பலகையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆடக் கூடாது என்று சொல்லிவிட்டார்களே, பதிலுக்கு எங்கே ஆடலாம் என்று அந்தப் பூங்காவில் வேறு எங்காவது எழுதியிருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் புதுப்பித்துத் திறந்த பூங்கா ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம், இந்தக் குறை அந்த ஒரு பூங்காவோடு நிற்கிற குறை இல்லை. சாயங்காலம் இரண்டு பேத்திகளையும் கூட்டிக்கொண்டு போவேன். சின்னவள் இரண்டாம் வகுப்பு. வாசல் தாண்டியதும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சறுக்குக்கு ஓடுவாள். பெரியவள் எட்டாம் வகுப்பு. அவள் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சிமென்ட் பெஞ்சில் உட்காருவாள். எழுந்திருப்பது வீட்டுக்குத் திரும்பும்போதுதான்.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் என்ன தெரியும் என்று ஒருநாள் அவள் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நேர் எதிரே எட்டு வடிவ நடைபாதை. சர்க்கரை வியாதிக்காரர்கள் கூழாங்கல் மேல் வெறுங்காலோடு நடக்கிறார்கள். வலது பக்கம் நீலமும் மஞ்சளும் அடித்த இரும்பு உடற்பயிற்சிக் கருவிகள். அவற்றில் நின்று காலை ஆட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆண்கள். கால் ஆடும்போதே உள்ளூர் அரசியலும் ஆடும். இடது பக்கம் செயற்கை நீரூற்று, மின்சாரக் கட்டணம் கட்டுவதற்காகவே பிறந்தது போல ஒன்று. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதி முன்னால் இதயம் வரைந்த செல்ஃபி பலகையும் உண்டு. மூலையில் ஒரு இறகுப்பந்து ஆடுகளம். வலை கட்டி, விளக்கும் போட்டிருக்கிறார்கள். ஐந்து மணிக்கு வந்து பிடிக்கிற இளவட்டப் பையன்கள் வாட்ச்மேன் சாவியைக் குலுக்குகிற வரைக்கும் விடமாட்டார்கள்.

ஆக, பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களுக்கு ஊஞ்சல். ஐம்பது தாண்டியவர்களுக்கு நடைபாதை. பையன்களுக்கு ஆடுகளம். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு ஒரு பெஞ்ச், அதுவும் பாட்டியின் கைப்பையைக் காவல் காக்க.

வாட்ச்மேனிடம் கேட்டேன். நல்ல மனுஷன். "நாங்க யாரையும் வேண்டாம்னு சொல்லல்ல டீச்சர். கோர்ட்டு எல்லாருக்கும் உள்ளதுதான். பெண்பிள்ளைய வந்தா விளையாடட்டு. வரல்லியே, என்ன செய்ய?" என்றார். பேத்தியிடம் கேட்டேன். "ஆச்சி, நான் ஒருத்தியா போய் எப்படி நிக்க? எல்லாவனும் பாப்பான்" என்றாள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. வரவில்லை என்பதால் இடம் இல்லை. இடம் இல்லை என்பதால் வருவதில்லை.

ஒருத்தியாக நிற்பது என்றதும் எனக்கு சமீஹா பர்வீன்தான் ஞாபகம் வந்தார். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கடையாலுமூட்டுக்காரர். காது கேளாத நீளம் தாண்டும் வீராங்கனை. 2021-இல் போலந்தில் நடந்த உலகக் காதுகேளாதோர் தடகளப் போட்டிக்கான தேர்வில் தகுதி பெற்றார். ஆனால் தகுதி பெற்ற பெண் அவர் ஒருவர்தான் என்பதால் அணியில் சேர்க்கவில்லை. அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. நீதிமன்றம் சொன்ன பிறகுதான் விமானம் ஏறினார். நீளம் தாண்டுவதில் தகுதித் தூரத்தைத் தொட்டவளுக்குக்கூட 'ஒருத்திதானே' என்பது தடையாக வருகிறது என்றால், முக்குப் பூங்காவில் மட்டையோடு நிற்க என் பேத்தி கூசுவதில் என்ன வியப்பு?

இது நம் ஊர்ப் பெண்பிள்ளைகளின் கூச்சம், காலம் போனால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கலாம். ஐரோப்பாவிலேயே சரியாகவில்லை. ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் 1990-களில் பூங்காக்களை யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். ஒன்பது வயது வரை பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் கிட்டத்தட்ட சமமாக வருகிறார்கள். அதற்கு மேல் பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை சடாரென்று குறைகிறது. ஆடுகளத்தை யார் முதலில் பிடிக்கிறாரோ அவருக்கு என்று விட்டால், பெண்பிள்ளைகள் போட்டியிடாமலே ஒதுங்கிக்கொள்கிறார்கள் என்பதைக் கண்டுகொண்டார்கள். 1999-இல் அந்நகரத்தின் மார்கரெட்டன் பகுதியில் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். பெரிய மாயாஜாலம் ஒன்றும் இல்லை. கைப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் இடம் ஒதுக்கினார்கள், பெரிய திறந்தவெளியைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்தார்கள், நடைபாதையைத் திருத்தினார்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரி ஒரு மணி நேரமாவது வியர்க்க விளையாட வேண்டும் என்கிறது. அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி, 11 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகளில் 85 சதவீதம் பேருக்கு உலக அளவில் அது கிடைக்கவில்லை. ஆண்பிள்ளைகளில் 78 சதவீதம். அவன்களுக்கும் கிடைக்கவில்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பள்ளியில் கிடைக்கிறதே என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கினார் என்றால் அது வாராக்கடன். பத்தாம் வகுப்பில் நான் கால அட்டவணையில்தான் இருந்தேன், மைதானத்தில் இல்லை. பள்ளி விட்டதும் டியூஷன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலாவதாக வந்த மாவட்டம் இது. அந்தப் பெருமைக்கு நம் பெண்பிள்ளைகள் தங்கள் சாயங்காலங்களையும் விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

நாகர்கோவிலில் பூங்கா என்றால் பழைய ஆட்களுக்கு வேப்பமூடு பூங்காதான். திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி அய்யரின் பெயர் தாங்கியது. 1936 முதல் 1947 வரை அவர் திவான். 1947 ஜூலையில் திருவனந்தபுரத்தில் வெட்டுப்பட்டுப் பதவியை விட்டுப் போனார். 1956-இல் மாவட்டமே தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. பூங்காவின் பெயர் மட்டும் போகாமல் இருப்பது நாஞ்சில் நாட்டின் ஒரு தினுசான பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர், கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டுக் களைத்தவர், துணிக்கடைக்குப் போன மனைவிக்காக உட்கார்ந்திருப்பவர் என்று எல்லாருக்கும் மர நிழல் தருகிற இடம் அது. இளைப்பாறுவதற்கென்று ஒரு பூங்கா இருப்பதில் தவறே இல்லை.

ஆனால் பூங்கா என்றால் பார்ப்பதற்கு உள்ளது என்கிற எண்ணம் நம் ஊரில் ரொம்ப ஆழமாக வேர்விட்டிருக்கிறது. சுந்தர ராமசாமி 1966-இல் வெளியிட்ட 'ஒரு புளியமரத்தின் கதை'யில், ஓங்கி நின்ற காற்றாடி மரத் தோப்பு ஒன்றை வெட்டிச் சாய்த்துவிட்டு அங்கே பூங்கா அமைக்கிறார்கள். நாகர்கோவில் மண்ணில் முளைத்த நாவல். அதைப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தத் தோப்பில் ஆடித் திரிந்த பிள்ளைகளைப் பற்றித்தான் கவலை வரும். அறுபது வருஷமாகியும் பூங்கா போடுகிறவர்களின் புத்தி மாறவில்லை. திறப்பு விழாப் படத்தில் எது நன்றாக விழுமோ அதைத்தான் முதலில் கட்டுகிறார்கள். நீரூற்று படத்தில் விழும். வியர்த்துக் கொட்டுகிற பெண்பிள்ளை விழுவதற்கு, முதலில் அவள் அங்கே இருக்க வேண்டும்.

பூங்காவில் எதற்கு விளையாட்டு, அதற்குத்தான் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, என் மாணவிகள் எத்தனையோ பேர் அங்கே மாவட்டப் போட்டிகளில் ஓடியிருக்கிறார்கள். ஆனால் அரங்கம் என்பது பயிற்சி பெறுகிறவர்களுக்கு. பதக்கம் வேண்டாம், மாநில அணி வேண்டாம், நாலு சினேகிதிகளோடு அரை மணி நேரம் கத்திக் கூப்பாடு போட்டு விளையாடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்கிற பிள்ளைக்கு விண்ணப்பப் படிவம் எதற்கு? அவளுக்கு வேண்டியது நடந்துபோகிற தூரத்தில் உள்ள இடம். வடசேரிக்குப் பஸ் ஏறிப் போய்த்தான் விளையாட வேண்டும் என்றால் அவள் வீட்டில் 'சவம், கெடக்கட்டும்' என்று சொல்லிவிடுவார்கள்.

நடந்துபோகிற தூரத்தில் இடம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மேற்குக் கடற்கரையே சாட்சி. தூத்தூர்ப் பகுதி மீனவ ஊர்களில் கால்பந்து என்பது உப்புக்காற்று மாதிரி. யாரும் திட்டம் போட்டுக் கொண்டுவரவில்லை. வீட்டு வாசலில் மணல், மணலில் பந்து. அந்த மணலிலிருந்து மைக்கேல் சூசைராஜ் இந்திய அணி வரை போனார். 2019-இல் நாட்டுக்காக ஆடினார், ஐ.எஸ்.எல்.லில் 2019–20 பருவத்தில் கோப்பை வென்ற கொல்கத்தா அணியில் இருந்தார். தமிழ்நாட்டு அணிகளில் அந்த ஊர்ப் பையன்கள் எத்தனையோ பேர். அவன்களின் அக்கா தங்கைகளும் அதே மணலில்தான் பிறந்தார்கள். மணல் அவர்களுக்கும் கிடைத்தது. சாயங்காலம் கிடைக்கவில்லை.

இடத்துக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. 2011 கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழ்கிற மாவட்டம்; நெருக்கத்தில் சென்னைக்கு அடுத்தது. வயலெல்லாம் மனையாகிறது. இங்கே நிலத்தை ஏக்கரில் பேசுகிறவர்கள் குறைவு, சென்ட்டில்தான் பேச்சு. சரி, சென்ட்டிலேயே பேசுவோம். வளையப்பந்து, அதாவது டென்னிகாய்ட், நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெண்கள் பள்ளிகளின் உயிர். ஒரு ரப்பர் வளையமும் ஒரு வலையும் போதும். அதன் ஆடுகளம் 12.2 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் அகலம். ஒன்றே முக்கால் சென்ட்டுக்குள் அடங்கிவிடும். இறகுப்பந்து இரட்டையர் களம் இரண்டு சென்ட். பெண்கள் கபடிக் களம் 12-க்கு 8 மீட்டர், இரண்டரை சென்ட் வராது. சுற்றிலும் ஓட இடம் விட்டால் இன்னும் கொஞ்சம். நீரூற்றும் செல்ஃபி பலகையும் அவற்றைச் சுற்றிய புல்தரையும் பிடித்திருக்கிற இடத்தில் இதில் ஏதாவது ஒன்று தாராளமாக விழும். நான் காலடி வைத்து அளந்தே பார்த்துவிட்டேன். பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர், இடத்தை விலைக்குக் கேட்கிறாளோ என்று சந்தேகமாகப் பார்த்தார்.

சட்டமும் பக்கத்தில்தான் நிற்கிறது. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. பெங்களூருவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, 1991-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. மருத்துவமனை நல்ல காரியம்தானே என்ற வாதம் எடுபடவில்லை. புதிதாக மனை வாங்குகிறவர்கள் பத்திரத்தில் சாலை அகலத்தைப் பார்க்கிற அதே கண்ணால், வரைபடத்தில் பச்சை அடித்த அந்த மூலை எங்கே போயிற்று என்றும் பார்க்க வேண்டும்.

ஆனாலும் முதலில் வேண்டியது நிலம் இல்லை, நேரம். இருக்கிற ஆடுகளத்தில் மாலை ஐந்து முதல் ஆறரை வரை பெண்பிள்ளைகளுக்கு என்று ஒரு பலகை எழுதி மாட்டுங்கள். ஊஞ்சலுக்குப் பலகை எழுதத் தெரிந்தவர்களுக்கு இதை எழுதுவது கஷ்டமா? பையன்களுக்கு அநியாயம் என்றால், காலை முழுவதும் அவன்களுக்கு, ஆறரைக்கு மேல் விளக்கு வெளிச்சமும் அவன்களுக்கு. முதல் வாரம் இரண்டு பேர்தான் வருவார்கள். காலியாகக் கிடக்கிறதே என்று உடனே எடுத்துவிடக் கூடாது. மூன்று மாதம் பொறுக்க வேண்டும். புதிதாக ஒரு பள்ளியில் கோ-கோ அணி திரட்டினால்கூட அவ்வளவு காலம் ஆகும். அது பிள்ளைகளின் குறை இல்லை, பழக்கத்தின் வேகம் அப்படி.

அடுத்தது கழிப்பறை. இதைப் பற்றி எழுதப் பத்திரிகைகள் கூச்சப்படும், நான் படமாட்டேன். மாதத்தில் ஐந்து நாள் ஒரு பெண்பிள்ளை மைதானத்துக்கு வருவாளா மாட்டாளா என்பதை முடிவு செய்வது அவள் மனஉறுதி அல்ல, தாழ்ப்பாள். உள்ளே தாழ் விழ வேண்டும், தண்ணீர் வர வேண்டும், குப்பைத் தொட்டி மூடியோடு இருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். பல பூங்காக்களில் கழிப்பறைக் கட்டடம் இருக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. அந்தச் சாவியை ஒரு பெண் பணியாளரிடம் கொடுங்கள். மாலை நேரத்துக்கு மட்டும் ஒரு பெண் உடற்கல்விப் பயிற்றுநரை வையுங்கள். பி.பி.எட். படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற என் பழைய மாணவிகள் எத்தனையோ பேர் ஒரு விசிலுக்காகக் காத்திருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். ஜூனில் தொடங்கி நவம்பர் வரைக்கும் சாயங்காலத்தை நம்ப முடியாது. ஒரு தகரக் கூரையாவது வேண்டும். இதற்கெல்லாம் ஆகிற செலவு அந்த நீரூற்றை ஓட்டுகிற செலவோடு போட்டியிடட்டும், பார்க்கலாம்.

பாதுகாப்பு என்று சொல்லிப் பூட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பூட்டிய பூங்காவைவிட ஆள் நடமாட்டம் உள்ள பூங்காவே பத்திரம். எட்டு போட்டு நடக்கிற அத்தனை மாமாக்களும் அத்தைகளும் சம்பளம் வாங்காத காவலர்கள். அவர்கள் கண் முன்னால் பிள்ளைகள் விளையாடுவதைவிடப் பாதுகாப்பான ஏற்பாட்டை எந்தக் கேமராவும் தரப்போவதில்லை. நடக்கிறவர்களுக்கும் நல்லது, கூழாங்கல்லைப் பார்த்துக்கொண்டே நடந்தால் சலிப்பு வரும்.

சீரமைப்பு என்று பூட்டுகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. சென்னை ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவை மெட்ரோ வேலைக்காக 2011-இல் மூடினார்கள், 2023-இல்தான் மறுபடி திறந்தார்கள். கூடைப்பந்துக் களம், ஸ்கேட்டிங் தளம் எல்லாம் அருமையாக இருக்கின்றன. ஆனால் மூடிய அன்று ஆறு வயதாக இருந்த குழந்தைக்குத் திறந்த அன்று பதினெட்டு. கட்டடத்துக்குத் தாமதம் என்பது பணம். பிள்ளைக்கு அது முழுக் குழந்தைப் பருவம். எங்கள் ஊரிலும் பூங்கா வாசலில் 'பணிகள் நடைபெறுகின்றன' என்று பலகை வைத்தால், எந்தத் தேதியில் முடியும் என்பதையும் அதே பலகையில் எழுத வேண்டும்.

நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனது. 52 வார்டுகள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்பது தமிழ்நாட்டுச் சட்டம். ஆகவே இந்த வேண்டுகோள் மேயருக்கோ அமைச்சருக்கோ இல்லை, மாமன்றத்தில் உட்கார்ந்திருக்கிற பெண் உறுப்பினர்களுக்கு. உங்களில் பலர் பள்ளியில் கபடியோ எறிபந்தோ ஆடியவர்களாக இருப்பீர்கள். எந்த வயதில், யார் சொல்லி நிறுத்தினீர்கள் என்பதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் வார்டில் உள்ள பூங்காவுக்கு ஒரு வேலைநாள் மாலை ஐந்தரை மணிக்கு, முன்கூட்டித் தகவல் சொல்லாமல், போய் நில்லுங்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள் எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை அடுத்த மாமன்றக் கூட்டத்தில் எழுந்து வாசித்து, ஒன்றரை மணி நேர ஒதுக்கீட்டுக்கும் ஒரு தாழ்ப்பாளுக்கும் தீர்மானம் கொண்டுவாருங்கள். நிதி இல்லை என்று யாராவது சொன்னால், நீரூற்றின் மின்கட்டண ரசீதைக் கேளுங்கள்.